'தேரா' என்றால் தேர் அல்ல: ரங்கூன் பறங்கிப் பாட்டுக் குழுவோடு ஐந்து நாள்

இந்தப் பயணத்துக்குக் காரணம் முந்திரிக்கொட்டை. சிரிக்க வேண்டாம், உண்மையாகத்தான் சொல்கிறேன். தூத்துக்குடி முந்திரி நிறுவனம் ஒன்றுக்காக மொசாம்பிக்கின் நக்காலா துறைமுகத்தில் மூன்று வருடம் மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தரம் பார்த்தவள் நான். போர்ச்சுக்கீசியம் தெரியாமல் அங்கே ஒரு வாழைப்பழம்கூட வாங்க முடியாது. அப்படி வாயில் ஒட்டிக்கொண்ட மொழி அது. அதைப் பற்றி இந்த வலைப்பூவில் எழுதியதைப் படித்துவிட்டு வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர் மின்னஞ்சல் அனுப்பினார். பர்மாவிலிருந்து அறுபதுகளில் கப்பலேறி வந்த குடும்பம் அவருடையது. "ரங்கூனில் என் சித்தப்பா மகள் போர்ச்சுக்கீசிய நாட்டுப்பாட்டுக் குழு ஒன்று நடத்துகிறாள். பாடுகிறவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள், ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. உங்களுக்குத் தெரியுமே, போய் அதன் வரலாற்றை எழுதுங்களேன். வருகிற நவம்பரில் அவள் மகளுக்குக் கல்யாணமும் இருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

இப்படி ஒரு அழைப்பு வந்த பிறகு வீட்டில் உட்கார எனக்கென்ன பைத்தியமா? 2009 நவம்பரில் ஒரு புதன்கிழமை கல்கத்தாவில் விமானம் ஏறினேன். போனது ஒரு கதையை எழுத, கொண்டுவந்தது வேறு. ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. அதிர்ச்சி இன்னும் போகவில்லை. கீழே வரும் பெயர்கள் எல்லாம் மாற்றியவை. நாலு பேர் கூடிப் பாடினாலே யார், எதற்கு என்று கேள்வி வரும் ஊர் அது.

முதலில் பயண விவரம். கல்கத்தாவில் விசாவுக்கு ஒன்பது வேலை நாள் ஆயிற்று. அங்கிருந்து ரங்கூனுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். கிடையாது, நம் கைபேசி வேலை செய்யாது. டாலர் நோட்டு மடிப்பில்லாமல், கல்யாணப் பத்திரிகைபோல் மொடமொடவென்று இருக்க வேண்டும். என்னுடைய ஒரு நோட்டில் நடுவே மடித்த தடம் இருந்தது என்று தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு டாலருக்கு ஆயிரம் சாட் கிடைத்தது. சாட் என்பது அங்கத்துப் பணம். விமான நிலையத்திலிருந்து நான் தங்கிய லத்தா பகுதி பதினாறு கிலோமீட்டர், டாக்சிக்கு ஏழாயிரம் சாட், ஐம்பது நிமிடம். ஓட்டுநர் என் நெற்றிப் பொட்டைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தமிழா? எனக்கு வெளங்கும், பேச வராது" என்று தமிழிலேயே சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

லத்தா சீனர்களின் கடைத்தெரு. மொத்த வியாபாரம், தள்ளுவண்டி, நடைபாதை முழுக்கப் பழக்கூடை. நான்காவது மாடியில் பன்னிரண்டு டாலருக்கு ஓர் அறை. லிஃப்ட் இல்லை, மின்சாரம் நினைத்தபோது வரும், ஜெனரேட்டர் மட்டும் தவறாமல் கத்தும். காலையில் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் ஐந்நூறு சாட். பாரிமுனையில் 'அத்தோ' நூடுல்ஸ் தின்று பர்மாவைத் தெரிந்துகொண்டதாக நினைப்பவர்கள் இங்கே வந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வியாழன் காலை பத்து மணிக்கு ஒத்திகை. இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டின் கூடத்தில் ஏழு பேர் இருந்தார்கள். மின்னஞ்சல்காரரின் சித்தப்பா மகள் மெர்சி, ஐம்பத்திரண்டு வயது, ஒரு கப்பல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. கன்னத்தில் பர்மியப் பெண்கள் அரைத்துப் பூசும் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, கழுத்தில் ஜெபமாலை, வாயில் நம் ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு. பர்மிய மரியாதைப்படி எல்லோரும் அவரை 'டோ மெர்சி' என்றார்கள். மேண்டலின் வாசிப்பவர் அந்தோணி, முப்பத்தாறு வயது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் தச்சு வேலை. அவரை 'கோ அந்தோணி' என்பார்கள். மற்றவர்கள் வயலின், டாம்பரின், குரல்.

குழுவின் வரலாற்றை மெர்சியே சொன்னார். 1988-ல் ஊரெல்லாம் கலவரமாகிப் பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் வீட்டில் சும்மா இருந்தார்கள். மாதா கோயிலுக்குப் பக்கத்தில் டொமினிக் என்று ஒரு வயதான துறைமுக மெக்கானிக். அவருடைய முன்னோர் எப்போதோ ஆற்றுக்கு அப்பால் தான்லியினில் குடியேறிய பறங்கிகள். அவருக்கு அம்மா வாய்வழியாக வந்த ஒன்பது பாட்டுகள் தெரியும்.

"மொழி அவுகளுக்கும் தெரியாது தங்கச்சி. ஒண்ணு ரெண்டு வார்த்தைதான். வெள்ளை, பூ, அம்மா, பெட்டி, இப்படி. மிச்சத்தைக் கேட்டா, 'நல்ல வார்த்தைதாம்மா, பாடு' ம்பாக. நாந்தான் தமிழ் எழுத்துல எழுதிக்கிட்டேன். பொருளும் நாந்தான் போட்டேன். மூணு வருஷத்துல அவுக போய்ச் சேந்துட்டாக."

இதில் நான் ரசித்த ஒரு வேடிக்கை உண்டு. இளையவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. மெர்சியின் தமிழ் நோட்டைப் பார்த்து அவர்கள் பர்மிய எழுத்தில் இன்னொரு நோட்டு எழுதிக்கொண்டார்கள். நம் 'ப'வுக்குத்தான் இரண்டு ஒலி ஆயிற்றே! நோட்டு கைமாறியபோது மென்மையான ப எல்லாம் வல்லின ப ஆகி, போர்ச்சுக்கீசியன் கேட்டால் தலையைச் சொறியும் அளவுக்குப் பாட்டு வேறாகிவிட்டது. அதனால்தான் முதல் ஆறு பாட்டில் எனக்கு வரிக்கு ஒரு சொல் பிடிபட்டதே பெரிது.

ஏழாவது பாட்டுக்கு எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "இதுதான் கல்யாணப் பாட்டு" என்றார் மெர்சி. துள்ளலான மெட்டு. என் கால் தானாகத் தாளம் போட்டது. பூ என்று வந்தது, அம்மா என்று வந்தது. முடிந்ததும் மெர்சி சடங்கை விளக்கினார். மணப்பெண்ணுக்கு முன்னால் பூ ஜோடித்த சைக்கார் ஒன்று போகும். நம் ரிக்‌ஷா மாதிரி, சைக்கிளுக்குப் பக்கவாட்டில் இருக்கை வைத்த வண்டி. அதற்குத் தேர் என்று பெயர். அதில் வெள்ளைத் துணி சுற்றிய சின்ன வெள்ளைப் பெட்டி. கோயில் வாசலில் நான்கு குழந்தைகள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். பின்னால் இந்தப் பாட்டு.

"பாட்டுலயே இருக்குல்ல, 'தேரா லேவே'ன்னு? தேரு வருதுங்கான். பெட்டின்னா பொண்ணு வீட்டுப் பெட்டி. நம்ம சனத்துக்கும் பறங்கி சனத்துக்கும் ஒரே வழக்கம், பாத்தீகளா!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தேரா என்றால் தேர்! இதைவிட அழகான தப்பு உண்டா? பதிவுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது என்று மனதுக்குள் குதித்தேன். சனிக்கிழமை மெர்சியின் மகள் ரூத்துக்கு டாலாவில் கல்யாணம். பெட்டியும் தேரும் கண்ணாலேயே பார்க்கலாம். வரிகளைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று நோட்டை வாங்கிக்கொண்டு ஒரு தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தேன்.

ஏழாம் பாட்டின் பக்கத்தில் மெர்சியின் முத்தான கையெழுத்து இப்படி இருந்தது. அஞ்சிஞ்ஞு, பொண்ணு. பிராங்கு, வெள்ளை உடுப்பு. கொரோவா த புளோர், பூமுடி. மாய் நாவ் சோரிஷ், அம்மா அழாதே. கைசிஞ்ஞா, சின்னப் பெட்டி. தேரா லேவே, தேர் வருது.

தேரா என்றால் மண். லேவே என்றால் பாரமில்லாதது. மண் பாரமில்லாமல் இருக்கட்டும். நக்காலாவில் கல்லறைக் கற்களில் நான் படித்த வாசகம் அது. அஞ்சிஞ்ஞு என்றால் பெண் இல்லை, குட்டி தேவதூதன். கொஞ்சும்போதும் சொல்வார்கள். இன்னொரு சமயத்திலும் சொல்வார்கள். தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

என்னுடையது முந்திரி மண்டிப் போர்ச்சுக்கீசியம். அதை நம்பி ஒரு கல்யாணத்தில் கை வைக்க முடியுமா? விடுதிக்கு ஓடி, நக்காலாவில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா தோனா அல்தாவுக்கு டிரங்க் கால் போடச் சொன்னேன். நாற்பது நிமிடம் காத்திருப்பு, நிமிடத்துக்கு ஆறு டாலர். மாலை நான்கு மணி, அங்கே முற்பகல் பதினொன்றரை. நலம் விசாரிக்கக்கூட விடாமல் ஆறு வரியையும் வாசித்துக் காட்டினேன். அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"யாருடைய குழந்தை?"

குழந்தை இல்லை, கல்யாணம் என்றேன். கல்யாணத்திலா பாடுகிறார்கள் என்று அவர் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. அவர் சொன்னது இதுதான். கைக்குழந்தை இறந்தால் வெள்ளை உடுத்தி, பூமுடி வைத்து, சின்ன வெள்ளைப் பெட்டியில் கிடத்தி, மற்றக் குழந்தைகள் தூக்கிப் போவார்கள். அம்மா அழக் கூடாது. அழுதால் தேவதூதனின் சிறகு நனைந்து அது பறக்க முடியாமல் போகும். அதனால்தான் மெட்டு மட்டும் சந்தோஷமாக இருக்கும்.

இருபத்தொரு வருடமாக, எழுபதுக்கு மேற்பட்ட கல்யாணங்களில், மணப்பெண்ணுக்கு முன்னால் இவர்கள் குழந்தையின் சவப்பெட்டியைத் தூக்கிப் போயிருக்கிறார்கள்.

சொல்வதா, விடுவதா? நாளை மறுநாள் கல்யாணம். தெரியாமல் பாடினால் பாவமில்லை என்று ஒரு மனம் சொன்னது. ரூத் அந்தப் பெட்டிக்குப் பின்னால் நடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியுமா என்று இன்னொரு மனம் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை பன்சோடான் துறையிலிருந்து டாலாவுக்குப் படகு. வெளிநாட்டாருக்கு ஒரு டாலர், பாஸ்போர்ட் எண்ணை ஒரு பேரேட்டில் எழுதிக்கொண்டுதான் விடுகிறார்கள். பத்தே நிமிடம். அந்தக் கரை வேறு உலகம். கீற்று வீடுகள், வயல், போன வருடத்துப் புயலில் சாய்ந்து இன்னும் நிமிராத மரங்கள். சைக்காரில் இருபது நிமிடம், ஆயிரம் சாட். மெர்சி வீட்டு முற்றத்தில் அந்தோணி பெட்டிக்கு இரண்டாம் கை வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். இரண்டடி நீளம் இருக்கும்.

பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்து மெர்சி என் தோளைத் தட்டினார். அவ்வளவுதான், என் வாய் சும்மா இருக்கவில்லை. உள்ளே கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்ல வேண்டியதை முற்றத்தில் நின்றே கொட்டிவிட்டேன். தேரா என்றால் தேர் இல்லை, மண். பெட்டி என்றால் கல்யாணப் பெட்டி இல்லை.

மெர்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தானே பொருள் எழுதினேன்... நாந்தானே எழுதினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாசலுக்கு வந்த ரூத்துக்கு இருபத்து மூன்று வயது, பர்மிய மொழிதான் சரளம். அம்மா பர்மியத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் உடைந்த தமிழில் கத்தினாள்:

"நான் சின்னதுல எத்தனை பேருக்குத் தூக்கினேன், தெரியுமா? எல்லாருக்கும் இருந்துச்சு. எனக்கு மட்டும் இல்லையா? நீங்க ஏன் வந்தது?"

என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மெர்சி அவள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. யார் யார் கல்யாணத்தில் பாடினோம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்தி அந்தோணியை நிமிர்ந்து பார்த்தார். உடனே எல்லோரும் அந்தோணியைப் பார்த்தார்கள். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

அந்தோணி தூரிகையைத் துணியில் துடைத்தார். "எங்களுக்கும் தூக்குனாங்கக்கா, ரெண்டாயிரத்து மூணுல" என்றார். "அடுத்த வருஷம் பையன். அஞ்சு மாசம் இருந்தான். காய்ச்சல்." கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். "அவனுக்கு நாந்தான் செஞ்சேன். கல்யாணத்துக்குச் செஞ்ச கையில வேற அளவு இல்ல. இதே அளவுதான்."

"அந்தோணி, எங்க பாட்டுத்தான்..." என்று மெர்சி ஆரம்பித்தார்.

"இல்ல டோ மெர்சி. பாட்டு ஒண்ணும் செய்யாது. காய்ச்சல்தான்." எழுந்து நின்று, வேறெதையோ பேசுவதுபோல் சாதாரணமாகச் சொன்னார்: "அன்னிக்கு ஒருத்தரும் பாடல. பத்து நிமிஷத்துல பொதச்சிட்டு வந்துட்டோம். மேண்டலின் வீட்டுல சும்மாதான் கெடந்துச்சு." வெள்ளை காயாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டில் பகல் சமையல் நின்றுபோயிற்று.

சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. பெட்டி இல்லை, ஏழாம் பாட்டு இல்லை. சைக்காரில் பூ மட்டும் இருந்தது. விருந்தாளிகள் ஆளுக்கு ஆள் "பெட்டி எங்க, பெட்டி எங்க?" என்று கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்கியது, என்னமோ குறை வைத்துவிட்டார்கள் என்று. "பெட்டி முன்னாலயே போயிருச்சு" என்று சொல்லிச் சொல்லி மெர்சி சமாளித்தார். வேறு ஒரு பாட்டைப் பாடினார்கள், எடுபடவில்லை. ரூத் என் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் என் தட்டில் ஒரு கரண்டி பிரியாணியை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். அது கோபமா சமாதானமா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

போக நினைப்பவர்களுக்கான குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பிருக்காது. ஐந்து நாளுக்குத் தொலைபேசி நீங்கலாக நூற்றெண்பது டாலர் போதும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். டாலா கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வெளியார் தங்க அனுமதியில்லை. சைக்காரில் ஏறும் முன் கூலி பேசிவிடுங்கள். பர்மியத்தில் 'ஹொக்கே' என்றால் ஆமாம், பாதி ஊரை அதை வைத்தே ஓட்டிவிடலாம். அரசியல் கேட்காதீர்கள், பதில் சொல்பவருக்குத்தான் ஆபத்து. இன்னொன்று, என் அனுபவத்தில் சுட்டது. ஒரு மொழி உங்களுக்குத் தெரியும் என்பதாலேயே அதன் பொருளை முற்றத்தில் நின்று கொட்டாதீர்கள். உள்ளே போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கல்யாணச் சாப்பாடு முடிந்து படகுக்குக் கிளம்பும்போது அந்தோணி வந்தார். "அக்கா, அந்தப் பாட்டை எழுத்தெல்லாம் சரி பண்ணிக் குடுங்க. நாளைக்கு வேணும்" என்றார். துறையிலேயே உட்கார்ந்து எழுதினேன். எந்த ப மென்மை, எந்தத் த மென்மை என்று சொல்லச் சொல்ல, அவர் பர்மிய எழுத்தில் குறித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வயலோரத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஏழு பேரும் வந்து நின்றார்கள். ரூத்தும் புது மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். அந்தோணியின் மனைவி எஸ்தரை அன்றைக்குத்தான் பார்த்தேன், குழுவில் ஒருநாளும் பாடாதவள். மரச் சிலுவையில் பெயர் மழையில் கரைந்திருந்தது. பெட்டி எங்கே என்று மெர்சி மெதுவாகக் கேட்டார். "பெட்டி எதுக்கு? உள்ளதான் இருக்கே" என்றார் அந்தோணி.

சாவுப் பாட்டாயிற்றே, நிதானமாகப் பாடலாம் என்று நான்தான் சொன்னேன். இரண்டு தரம் முயன்றார்கள். இருபத்தொரு வருடம் துள்ளிப் பழகிய கை மெதுவாகப் போகவில்லை, தாளம் தடுக்கி நின்றுவிட்டது. மெர்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வேகமாவே இருக்கட்டும் டோ மெர்சி" என்றார் அந்தோணி. "அவனுக்கு வேற கல்யாணம் ஏது?"

கல்யாண வேகத்திலேயே பாடினோம். நானும் பாடினேன். வெள்ளை உடுப்பு வந்தது, பூமுடி வந்தது. 'மாய் நாவ் சோரிஷ்' என்ற அடியில் பாட்டு அறுந்துபோயிற்று. 'அம்மா அழாதே' என்பது எந்த அம்மாவுக்கு என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாயை எதிரே வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் எழவில்லை. மேண்டலின் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

எஸ்தர்தான் அந்த அடியைப் பாடினாள்.